கண்ணுக்குக் கீழே கறுப்பு

ஆகஸ்ட் 4, திங்கள்

இல்லை, குட்டி இல்லை. முழுதாக வளர்ந்ததே அவ்வளவுதான். என் முழங்கால் உயரம். டிக்-டிக், ஆப்பிரிக்காவின் குள்ள மான். எங்கள் மதுரைக் கல்லூரி விலங்கியல் துறைக் கிடங்கில் பஞ்சடைத்து நிற்கிறது. பெயர்ச்சீட்டு இல்லை.

ஆடிக் காற்று. ஜன்னல் ஓயாமல் அடித்தது.

துறைத்தலைவர்: "எந்த வட்டாரத்து வகைன்னு வெள்ளிக்குள்ள எழுதித் தொங்கவிடுங்க மேடம். இல்லாட்டி எரிச்சிருவோம். எடமில்ல."

பார்க்க வேண்டியவை: நிறம், கொம்பு, முக்கியமாக மூக்கு. சோமாலியக் கரையில் ஒரு வகை. வட கென்யாவில் நீள மூக்கு. நமீபியாவில் இன்னொன்று.

மூக்கைப் பூச்சி தின்றிருக்கிறது.

5, செவ்வாய்

கண்ணுக்குக் கீழே கறுப்புப் புள்ளி. சுரப்பி. உயிருள்ளது அதைக் குச்சி நுனியில் தேய்த்துப் பிசினை விட்டுப் போகும். 'இது என் இடம்.' ஜோடியாகவே வாழும்.

தொட்டேன். ஈரம்.

கிடங்கு கூட்டும் பேச்சியக்கா சிரித்தார். "நாந்தேன் மேடம். திருஷ்டிப் பொட்டு. முன்னால இருந்தவுக வச்சது மங்கிப்போச்சேன்னு வெள்ளிக்கு வெள்ளி மை வைக்கேன். பேரென்ன சொன்னீக, டிக்-டிக்கா? கடியாரமா அது?"

நானும் சிரித்தேன். பஸ்ஸில்தான் உறைத்தது: இன்று செவ்வாய்.

6, புதன்

பழைய பதிவேட்டில்: 'ஆண் 1, பெண் 1.'

"பொட்டையா? போன வருசம் எரிச்சாச்சு. சீட்டு இல்லைன்னு. நாந்தேன் தூக்கிட்டுப் போனேன். எம்புட்டு கனம்ங்கிறீக... கைப்பிள்ளை கணக்கா." பேச்சியக்கா இரண்டு கையையும் ஏந்திக் காட்டினார்.

புள்ளியைத் துடைத்தேன். பஞ்சு முழுக்கக் கறுப்பு. பூட்டிச் சாவியை வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

7, வியாழன்

திறந்ததும் பார்த்தேன். ஈரம்.

மூலையில் விளக்குமாறு, குச்சிகள் மேல்நோக்கி. தேய்ந்து முழங்கால் உயரமே மிச்சம். நுனி நுனியாகக் கறுப்பு மணிகள். முகர்ந்தேன். மை வாசனை இல்லை.

பேச்சியக்கா பின்னால் நின்று: "கையை அதுலயா தொடச்சீக மேடம்?"

என்னைக் கேட்கிறார்.

மதியம் சாப்பிடவில்லை. மூக்கில்லாமல் வகை சொல்ல முடியாது. 'தெரியவில்லை' என்று எழுதினால் நெருப்பு.

8, ஆடி வெள்ளி

காற்று நின்றுவிட்டது. பேச்சியக்கா மைச்சிமிழோடு வந்தார். புள்ளியைப் பார்த்தார். சிமிழைத் திறக்காமல் முந்தானையில் முடிந்துகொண்டார்.

சீட்டு எழுதினேன். 'டிக்-டிக். ஆண். வட்டாரம்: மதுரை.'

துறைத்தலைவர் வாசலிலிருந்தே: "சீட்டு தொங்குதுல்ல? சரி, இருக்கட்டும்." வாசிக்கவில்லை.

விளக்குமாற்றை உள்ளேயே விட்டுப் பூட்டினேன். பேச்சியக்காவுக்குப் புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்தேன்.