பட்டியலில் மூன்று சொற்கள்

டிசம்பர் 2, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். பேருந்து பெருங்களத்தூர் தாண்டவே அரைமணி. சட்டையின் ஒரு கை மட்டும் நனைந்தது, ஜன்னல் கண்ணாடி மூடவில்லை.

வாங்க வேண்டியவை: கொசுவத்தி. அக்காவுக்குச் சிவப்பு மைப் பேனா இரண்டு. பிரெட்.

விடைத்தாள் திருத்தும் வாரம். வகுப்பு இல்லை. மதியம் கேண்டீனில் பிரபு. நானும் அவனும் ஒரே நாளில் சேர்ந்த கெஸ்ட் லெக்சரர்கள், இருவருக்கும் ஒரே மேசை. மூன்றாம் வருடப் பெண்கள் இரண்டு பேர் காப்பியடித்து மாட்டிக்கொண்டதாகச் சொன்னான். பழைய ஆங்கிலக் கவிதைத் தாள். பத்துச் சொற்களுக்கு அர்த்தம் எழுதும் கேள்வி. இருவரும் மூன்று சொற்களுக்கு ஒரே தப்பான அர்த்தம் எழுதியிருக்கிறார்கள். முன் பெஞ்சு, பின் பெஞ்சு.

"தப்பு எல்லாரும்தான் எழுதுவாங்க மச்சான். ஆனா இந்தத் தப்பு உலகத்துல எந்த புக்லயும் இல்ல. ரெண்டு பேருக்கும் ஒரே கனவா வந்துச்சு?"

சிரித்தேன். எந்தச் சொற்கள் என்று கேட்டேன்.

வெல்கின். ஸ்விங்க். ஃபார்டெல்.

டீயில் ஆடை படிந்தது. குடிக்கவில்லை.

அந்த அர்த்தங்கள் என்னுடையவை.

டிசம்பர் 3, புதன்

மழை இல்லை. புழுக்கம். துவைத்த துணி இரண்டு நாளாகக் காயாமல் ஒரு நாற்றம்.

எப்படி நடந்தது என்று ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன்.

அக்டோபர் கடைசி. நூலகத்தின் மூலை மேசை. ரேவதி, மூன்றாம் வருடம், முடிச்சூர்ப் பெண். அம்மாவுக்கு ஆபரேஷன், மூன்று வாரம் வகுப்புக்கு வரவில்லை. பழைய சொற்கள் மட்டும் எழுதித் தர முடியுமா என்று கேட்டாள். பாடப்புத்தகத்தின் பின்னால் இருந்த சொற்பட்டியல் போதவில்லை. அவள் எதிரிலேயே எழுதத் தொடங்கினேன். இடப்பக்கம் சொல், வலப்பக்கம் ஆங்கிலத்தில் பொருள், அதன் கீழ் தமிழில்.

எஃப்ட்சூன்ஸ்: உடனே.
வைலம்: முன்பொரு காலத்தில்.
லீஃப்: விருப்பத்தோடு.
வீன்: நினை, எண்ணு.
ரூத்: இரக்கம். (இன்றைய ஆங்கிலத்தில் இரக்கமற்ற என்று பொருள்படும் ரூத்லெஸ் என்ற சொல்லுக்குள் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவளுக்கு அதையும் சொன்னேன். கண் விரிந்தது.)

பத்துச் சொல் முடிந்ததும் சொன்னாள்: "உங்களுக்கு டிக்‌ஷனரியே வேணாம்ல சார்."

பதினொன்றாவது வெல்கின். எங்கோ படித்த சொல். பொருள் வரவில்லை. ஃபோன் மேசையின் மேல், கையெட்டும் தூரத்தில். பத்து விநாடி வேலை. எடுக்கவில்லை. சொல்லை வாய்க்குள் உருட்டிப் பார்த்தேன். ஈரமாக ஒலித்தது. எழுதினேன்: மழை நின்றபின் எழும் மண் வாசனை.

ஸ்விங்க்: தண்ணீரில் நிழல் ஆடுவது.
ஃபார்டெல்: பிரியும்போது கொடுக்கும் சிறு பொருள்.

மொத்தம் நாற்பது. முப்பத்தேழு சரி. மூன்று நான் செய்தவை. வீட்டுக்குப் போய்ச் சரிபார்த்து மறுநாள் திருத்தித் தரலாம் என்று நினைத்தேன். மறுநாள் நினைவு வந்தது. திருத்தினால் தெரியாமல் எழுதியது தெரிந்துவிடும். விட்டேன்.

இன்னொன்று. துறை ஒப்புதல் இல்லாத நோட்ஸ் மாணவர்களுக்குத் தரமாட்டேன் என்று சேரும்போதே கையெழுத்து போட்டிருக்கிறேன். கெஸ்ட் லெக்சரர் எல்லோரும் போடவேண்டும். அதனால் தாளை நீட்டும்போது என் பெயரைச் சொல்லவேண்டாம் என்றேன். சொல்லமாட்டேன் சார் என்றாள். தோழி ஷாலினிக்கு மட்டும் ஒரு ஜெராக்ஸ் கொடுத்துக்கலாமா என்று கேட்டாள். தலையாட்டினேன்.

அவ்வளவுதான். ஒரு பக்கம்கூட வரவில்லை.

டிசம்பர் 4, வியாழன்

விசாரணையின் முதல் நாள். பிரபுவுக்கு எப்படியோ எல்லாம் தெரிந்துவிடுகிறது.

ஷாலினி உடனே சொல்லிவிட்டாள், ரேவதி கொடுத்த தாளில் படித்தது என்று. ரேவதியைக் கேட்டிருக்கிறார்கள். தாள் எங்கே? தொலைஞ்சுபோச்சு மேம். யார் எழுதியது? ஞாபகம் இல்ல மேம். ஷாலினியிடம் ஜெராக்ஸும் இல்லை, தேர்வு முடிந்த அன்றே கிழித்துப் போட்டாளாம். இல்லாத தாளைச் சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறார்கள் என்று கமிட்டி முடிவுக்கு வந்த மாதிரி இருக்கிறதாம்.

நிரூபணமானால் இந்த செமஸ்டரின் எல்லாத் தாள்களும் ரத்து. கடைசி வருடம். ஒரு வருடம் போய்விடும். ரேவதி வீட்டில் ஒரு வருடம் காத்திருப்பார்களா, தெரியாது. ஆபரேஷன் செய்த அம்மா. தம்பி பிளஸ் டூ. படிப்பை நிறுத்தச் சொல்லி ஏற்கெனவே பேச்சு வந்ததாக நூலகத்தில் சொன்ன ஞாபகம்.

திரும்பும் பேருந்தில் இரண்டு பேர். "அவனுக்கு இன்னா தெர்யும், ஒண்ணும் தெர்யாது. ஆனா பேசுவான் பாரு." யாரைப் பற்றியோ. வண்டலூர் பாலம்வரை அதே பேச்சு.

இரும்புலியூர் சுரங்கப்பாதையில் தண்ணீர். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன்.

டிசம்பர் 5, வெள்ளி

வெயில், அபூர்வமாக.

துறைத்தலைவர் மேடம் அழைத்தார். பயந்தபடி போனேன். காபி கொடுத்தார். அடுத்த வருட வேலைக்கும் என் பெயரை அனுப்பிவிட்டதாகவும் திங்கட்கிழமை கடிதம் வந்துவிடும் என்றும் சொன்னார். நன்றி சொன்னேன்.

பிறகு ஒரு தாளை நகர்த்தினார். விசாரணைக் கமிட்டிக்குத் துறையிலிருந்து ஒருவர் எழுதித் தரவேண்டும். பழைய சொற்கள் என் பகுதி. அதனால் நான்.

"இந்த மூணு அர்த்தமும் எந்த அகராதியிலயும் கிடையாதுன்னு ஒரு ஸ்டேட்மென்ட், அவ்வளவுதான். நீங்க சொன்னா அவங்க ஒத்துப்பாங்க."

ஏற்கெனவே டைப் செய்திருந்தது. ஒவ்வொரு சொல்லும் உண்மை. எந்த அகராதியிலும் கிடையாது. எனக்கல்லவா தெரியும்.

கையெழுத்து போட்டேன். தேதியும் போட்டேன்.

மேடம்: "அந்தப் பொண்ணு நல்லாப் படிக்கிற பொண்ணுதான். பாவம், எதுக்கு இந்த வேலை."

ஆமாம் மேடம் என்றேன். இந்த இரண்டு சொற்களைச் சொன்ன வாயை என்ன செய்வது.

வீட்டுக்கு வந்து முதல்முறையாக அகராதியைத் திறந்தேன்.

வெல்கின்: வானம்.
ஸ்விங்க்: கடும் உழைப்பு.
ஃபார்டெல்: மூட்டை, சுமை.

மூன்றும் எவ்வளவு சாதாரணம்.

டிசம்பர் 6, சனி

மறுபடி மழை. பால் பாக்கெட் வரவில்லை.

பதினொரு மணிக்கு ரேவதி ஃபோன். தெருவில் கணுக்கால்வரை தண்ணீர், மாடிப்படியில் உட்கார்ந்து பேசுகிறேன் என்றாள். பின்னால் யாரோ வாளியால் தண்ணீர் இறைக்கும் சத்தம். அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். நல்லா இருக்காங்க சார்.

"சார், ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அந்த மூணு அர்த்தமும் எந்த புக்ல சார் இருக்கு?"

ஃபோனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"புக்கு பேரு மட்டும் சொல்லுங்க சார். லைப்ரரில அதப் பாத்துப் படிச்சேன்னு சொல்லிடறேன். உங்க பேரு எங்கயும் வராது. அவங்க பாத்த டிக்‌ஷனரில இல்லாம இருக்கலாம், பெரிய டிக்‌ஷனரில இருக்கும்ல சார்?"

பார்த்துச் சொல்கிறேன் என்றேன். தேங்க்ஸ் சார் என்றாள். வைத்துவிட்டாள்.

அவள் காப்பாற்ற நினைப்பது என்னை மட்டுமில்லை. அந்த அர்த்தங்களையும்.

மதியம் சாப்பிடவில்லை. சாப்பிட்டேன், ரசம் மட்டும்.

டிசம்பர் 7, ஞாயிறு

மேகமூட்டம். அக்கா கூடத்தில் எட்டாம் வகுப்புக் கணக்குத் தாள்கள் திருத்திக்கொண்டிருந்தாள். எதிரில் போய் உட்கார்ந்தேன். என் நண்பன் ஒருவனுக்கு நடந்ததாகத் தொடங்கினேன். இரண்டாவது வாக்கியத்திலேயே பேனாவை மூடிவைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அதன்பின் நான் என்றே சொன்னேன்.

முழுக்கக் கேட்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன். ஒரு தாளை எடுத்துக் காட்டினாள். ஒரு பையன் கடைசிக் கணக்குக்கு எதிரே எழுதியிருந்தான்: தெரியவில்லை மிஸ்.

"பதிமூணு வயசுப் பையன் எழுதறான்டா இத. உனக்கு ஒரு எம்.ஏ., ஒரு எம்.ஃபில்."

வேலை போய்விடும் என்றேன்.

"போகும்."

அவ்வளவுதான் சொன்னாள். மறுபடி பேனாவைத் திறந்தாள். கொஞ்சம் கழித்து, தலை நிமிராமல்: "நாளைக்கு அந்த நீலச் சட்டை போட்டுக்கோ. மத்தது எதுவும் காயல."

பழைய சொல் இன்னொன்று, பட்டியலில் இருபத்திரண்டாவது. சென்நைட்: ஏழு இரவு, அதாவது ஒரு வாரம். ஏழில் ஆறு போயிற்று.

ரேவதிக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. மூன்றுமுறை தட்டச்சு செய்து அழித்தேன்.

டிசம்பர் 8, திங்கள்

மழை இல்லை. நீலச் சட்டை.

பத்தரைக்கு விசாரணை. நீளமான மேசை, மூன்று பேர், நடுவில் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர். துறைத்தலைவர் மேடம் ஓரமாக. சுவரோரம் ரேவதியும் ஷாலினியும், நடுவில் ஒரு காலி நாற்காலி. ரேவதி என்னைப் பார்த்துச் சின்னதாகத் தலையசைத்தாள். புத்தகத்தின் பெயரோடு வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பாள்.

வெள்ளிக்கிழமை ஸ்டேட்மென்டை வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தேன். கடைசி வரி முடிந்ததும் நிறுத்தாமல் சொன்னேன்: இந்த அர்த்தங்கள் எந்த அகராதியிலும் இல்லாததற்குக் காரணம், இவற்றை எழுதியது நான். ஒத்திகை பார்த்த வாக்கியம். குரல் பாதியில் கீழே போனது.

மேடம் கண்ணாடியைக் கழற்றினார்.

அலுவலர் நம்பவில்லை. "பாவம் பார்த்து சொல்றீங்களா சார்? தாளே இல்லையே, எப்படி ஒத்துக்கறது?"

ரேவதி எழுந்து நின்றாள். பையிலிருந்து வீட்டுக் கணக்கு நோட்டு ஒன்றை எடுத்தாள். அதன் பிளாஸ்டிக் அட்டைக்குள், நான்காக மடித்து, என் தாள். தொலைந்துபோகவே இல்லை. இத்தனை நாள் பையிலேயே இருந்திருக்கிறது.

அப்போதும் அவர்களுக்குப் போதவில்லை. வெள்ளைத் தாள் ஒன்று கொடுத்தார்கள். நாற்பது சொல்லையும் எல்லோர் முன்னாலும் எழுதவேண்டும், கையெழுத்தை ஒப்பிட. எழுதினேன். மின்விசிறியின் சத்தம் மட்டும். பதினொன்றாவதில் நின்றேன். சரியான அர்த்தத்தை எழுதட்டுமா, அன்று எழுதியதையா என்று கேட்டேன்.

"அன்னைக்கு எழுதினதை."

மழை நின்றபின் எழும் மண் வாசனை. தண்ணீரில் நிழல் ஆடுவது. பிரியும்போது கொடுக்கும் சிறு பொருள். இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். அந்த மூன்று வரிகளில் மட்டும் எழுத்து அன்றும் இன்றும் கொஞ்சம் அழகாக விழுந்திருக்கிறது.

பெண்களின் மேல் நடவடிக்கை இல்லை, மூன்று சொல்லுக்கும் மதிப்பெண் கிடையாது, அவ்வளவுதான் என்று எழுதிக்கொண்டார்கள். என்னைப் பற்றி நிர்வாகம் தெரிவிக்கும். மேடம் என்னைக் கடந்து போகும்போது நாளைக்கு வரவேண்டாம் என்றார். கோபமாகக்கூட இல்லை.

மேசையைக் காலி செய்தேன். ஒரு பை போதும். பிரபு உதவிக்கு வந்தான், ஒன்றும் பேசவில்லை. அவன் பேசாமல் இருந்து முதல்முறை பார்க்கிறேன்.

வாசலில் ரேவதி நின்றிருந்தாள், கையில் கமிட்டி ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்த என் தாள். ஷாலினி போய்விட்டாள் போல. நன்றி சொல்வாள் என்று ஒரு கணம் எதிர்பார்த்தேன். அதையும் எழுதிவைக்கிறேன்.

"மத்த முப்பத்தேழு சரிதானா சார்?"

சரிதான் என்றேன். எல்லாம் சரிபார்த்துவிட்டேன், நம்பலாம் என்றேன்.

தாளை மறுபடி நான்காக மடித்தாள்.

"பரவால்ல சார். நானே பாத்துக்கறேன்."