அசைந்துபோன படம்

மெர்லிமாவ்,
4-3-1934

அன்புள்ள பாக்கியத்துக்கு,

நல்லூரான் துணையால் நான் சுகம். நீரும் சின்னவனும் மாமியும் சுகமென்று நேற்றுக் கண்ணால் கண்டுவிட்டுத்தான் வந்தேன். ஆனாலும் எழுதுகிறேன். மாமி கூடத்தில் இருக்கும்போது தேநீருக்குச் சீனி காணுமா என்பதற்கு மேல் நாம் என்ன பேசுகிறோம்?

பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. ஒரு சீனத் தவுக்கே நடத்தும் படக்கடைக்குள் நுழைந்தேன். சின்னவனுக்கு ஐந்து மாதம் ஆகிறது. மாதத்துக்கு ஒரு படமாவது எடுத்து வைக்க வேண்டும், அதற்கு மலிவாய் ஒரு காமிரா வேண்டும் என்று கேட்டேன். கடையில் வேலை செய்யும் மஜீது பாய் மூன்றைக் காட்டினார்.

ஒன்று, தோல் துருத்தி வைத்த மடக்குக் காமிரா. ஜெர்மனிச் சாமான். ஓடுகிற குதிரையையும் பிடிக்குமாம். விலையைக் கேட்டதும் மெல்லக் கீழே வைத்துவிட்டேன். இரண்டாவது, ஒரு துரை விற்றுவிட்டுப் போன பழைய மடக்கு. பாய் அதை விளக்குக்கு நேரே பிடித்தார். துருத்தியில் கரப்பான் கடித்த ஓட்டைகள் மினுங்கின. மூன்றாவது வெறும் பெட்டி. ஒரு சுருளுக்கு எட்டுப் படம். "கிராணி, ஒங்களுக்கு இது போதும். சூரியன் முதுகுல, பொட்டி வயித்துல. புள்ள மட்டும் அசையக்கூடாது" என்றார் பாய்.

பெட்டிதான் நமக்குக் கட்டும். உம்முடைய அபிப்பிராயம் எழுதும். பிள்ளைப்பேற்றுக்கென்று தாய் வீடு போய் எட்டு மாதமாகிறது. எப்போது வருகிறீர் என்பதையும் அதோடு எழுதிவிடும்.

உம்முடைய
கணேசலிங்கம்


தெங்கேரா, மலாக்கா,
9-3-1934

அன்புள்ள அத்தானுக்கு,

கடிதம் கிடைத்தது. காமிராவை விளக்கில் பிடித்தெல்லாம் பார்த்தீர்களாம். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று பலகாரத் தட்டை விட்டு நீங்கள் நிமிரவேயில்லை.

சின்னவன் குப்புற விழப் பழகிவிட்டான். விழுந்ததும் யாரோ தள்ளிவிட்டதுபோல் கத்துகிறான். படம் எடுத்தால் பிள்ளைக்குக் கண்ணூறு படும் என்று அம்மா முணுமுணுக்கிறா. நான் காதில் வாங்கவில்லை.

ஆனால் அந்தப் பெட்டி வேண்டாம் அத்தான். பிள்ளை அசையக்கூடாது என்று நீங்கள் எழுதிய இடத்தில் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். மற்றதை மறுநாள்தான் படித்தேன்.

மறந்துவிட்டீர்களா? அந்தத் தீபாவளிக்கு நான் எவ்வளவு கெஞ்சினேன். புதுக் கவுன் போட்டிருக்கிறாள், தவமணியை மலாக்காவுக்குக் கூட்டிப்போய் ஒரு படம் எடுத்துவிடுவோம் என்றேன். "அவள் ஓரிடத்தில் நிற்க மாட்டாள், காசுதான் கரி. அடுத்த வருஷம் அசையாமல் நிற்கப் பழகட்டும்" என்றீர்கள். மாசியில் காய்ச்சல் வந்தது. நாலு நாளில் போய்விட்டாள். மூன்று வயது. அதன் பிறகு அசையாமல்தான் கிடந்தாள்.

உங்களை நோகச் சொல்லவில்லை. சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. இரண்டு வருஷத்தில் அவள் முகம் எனக்கு முழுதாய் வருவதில்லை. கண் வந்தால் வாய் வருவதில்லை. பெற்றவளுக்கு இப்படியும் ஆகுமா?

எப்போது வருகிறீர் என்று கேட்கிறீர்கள். அந்தத் தோட்டத்து வீட்டின் ஒவ்வொரு படியிலும் அவள் ஓடியிருக்கிறாள். அவள் முகம்கூட இல்லாத அந்த வீட்டுக்குள் நான் எப்படிக் கால் வைப்பேன்?

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்
அன்னபாக்கியம்


மெர்லிமாவ்,
14-3-1934

அன்புள்ள பாக்கியத்துக்கு,

உம்முடைய கடிதத்தைச் சட்டைப்பையிலேயே வைத்திருக்கிறேன். நீர் எழுதியதில் ஒரு வரியையும் என்னால் மறுக்க முடியாது. அந்தத் தீபாவளியை நானும் மறக்கவில்லை. மறந்தவன்போல் இருக்கிறேன், அவ்வளவுதான்.

ரப்பர் விலை விழுந்த நாளிலிருந்து கணக்கெழுதும் கிராணிகளுக்கு அரைச் சம்பளம் என்பது உமக்குத் தெரியும். மடக்குக் காமிராவை நினைத்தும் பார்க்க முடியாது. வேறு வழி இருக்கிறதா என்று பார்க்கிறேன்.

வருகிற சனிக்கிழமையும் அதற்கடுத்த சனியும் வர முடியாது. ஒரு வேலை இருக்கிறது. சின்னவனுக்கு என் முத்தம்.

உம்முடைய
கணேசலிங்கம்


தெங்கேரா, மலாக்கா,
26-3-1934

அன்புள்ள அத்தானுக்கு,

வேலை என்று எழுதினீர்கள். தோட்டத்தில் என்று நினைத்துக்கொண்டேன்.

இன்று கீரை கொண்டுவந்த சுப்பம்மா, "ஒங்க வீட்டு ஐயாவ சனிக்கிழம பசார்ல பாத்தேம்மா. படக்கடையிலேர்ந்து வந்தாரு. சட்டையெல்லாம் ஒரே தூசி. கூப்புட்டேன், திரும்பாமப் போயிட்டாரு" என்கிறாள். அம்மா பக்கத்தில் நின்றா. எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

மலாக்காவுக்கு வந்துவிட்டு, கூப்பிடு தூரத்தில் இருக்கிற பிள்ளையைப் பார்க்காமல் போயிருக்கிறீர்கள். என் கடிதம் அவ்வளவு சுட்டுவிட்டதா? இல்லை, நாங்கள் இங்கேயே இருந்துவிட்டால் உங்களுக்கு நிம்மதியா?

என் சேலைகளைப் பெட்டியிலிருந்து எடுத்து அலுமாரியில் அடுக்கச் சொல்கிறா அம்மா. "இனி அங்க போய் என்ன செய்யப் போறாய்? இந்தப் பிள்ளையையும் காய்ச்சலுக்குக் குடுக்கவோ?" என்று கேட்கிறா. எட்டு மாதமாய் நான் பெட்டியை மூடியே வைத்திருக்கிறேன். நீங்கள் ஒரு வார்த்தை எழுதுங்கள். அடுக்கட்டுமா?

அன்னபாக்கியம்


மெர்லிமாவ்,
1-4-1934

என் அன்புள்ள பாக்கியத்துக்கு,

அடுக்க வேண்டாம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

சுப்பம்மா கண்டது உண்மை. கையில் ஒன்றும் இல்லாமல் உம் முகத்தில் விழிக்கத் துணிவில்லை. இதோடு அட்டைக்குள் வைத்திருப்பதை உடனே பிரிக்காதேயும். இதைப் படித்துவிட்டுப் பிரியும்.

தவமணி போவதற்கு ஒரு மாதம் முன்பு, தைமாதம், பழைய துரை சீமைக்குத் திரும்பப் புறப்பட்டார். ஆபீஸ் வாசலில் எங்களையெல்லாம் உட்காரவைத்துப் படம் எடுத்தார்கள். நீர் அன்று தலையிடி என்று படுத்திருந்தீர். வீட்டு வேலைக்கு வரும் காளியம்மாதான் பிள்ளையைப் பார்த்துக்கொண்டாள். படக்காரர் காமிரா மூடியைத் திறந்த நேரம் தவமணி அவள் கையை உதறிவிட்டு, "ஐயா!" என்று கத்திக்கொண்டு என்னிடம் ஓடி வந்தாள். படம் கெட்டது. வேறு கண்ணாடித் தகடு போட்டு மறுபடி எடுத்தார்கள். ஆபீஸ் சுவரில் தொங்குவது அந்த இரண்டாவது படம்.

உமக்கு நான் சொல்லாதது இனிமேல்தான் வருகிறது. துரை முகம் சுளித்தார். எனக்கு வெட்கமாகிவிட்டது. பிள்ளையின் கையில் ஓங்கி அடித்தேன். "ஏன்யா பாப்பாவ அடிக்கிறீங்க? ஒங்களத்தானே தேடி ஓடியாந்துச்சு" என்று காளியம்மா தூக்கிக்கொண்டு போனாள். இரண்டு வருஷமாய் என் கை எனக்கே பாரமாயிருக்கிறது.

உம்முடைய கடிதம் வந்த பிறகுதான் அந்தக் கெட்ட தகட்டின் நினைவு வந்தது. படம் எடுத்தது இதே தவுக்கே. ஓடிப்போய்க் கேட்டேன். "கெட்ட தகடெல்லாம் பின்னறையில கெடக்கு கிராணி. சொரண்டிக் கழுவிப் படச் சட்டத்துக்குக் கண்ணாடியாப் போட்டுருவோம். பாதி போயிருச்சு" என்றார் மஜீது பாய். அகப்படாவிட்டால் உம்மை இரண்டாம் தரம் அழவைத்தவனாவேன் என்று எழுதவில்லை.

இரண்டு சனிக்கிழமையும் அந்த அறையில்தான் கிடந்தேன். ஒவ்வொரு கண்ணாடியாக ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். அதில் வெள்ளை கறுப்பாகவும் கறுப்பு வெள்ளையாகவும் இருக்கும், ஆளை அடையாளம் தெரியாது. கடைசிப் பெட்டியில், துரையின் காலடியில் படுத்திருக்கும் நாயை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். நேற்றுப் பிரதி தபாலில் வந்து சேர்ந்தது.

ஆனால் பாக்கியம், முகம் விழவில்லை. ஓட்டத்தில் கலைந்துவிட்டது. தரையில் ஊன்றிய ஒரு காலும் அதிலுள்ள கொலுசும்தான் தெளிவு. மேலே எல்லாம் புகை. உமக்கு முகத்தைக் கொண்டுவர வேண்டுமென்று போனேன், இதுதான் கிடைத்தது. என்னை மன்னியும்.

உம்முடைய
கணேசலிங்கம்


தெங்கேரா, மலாக்கா,
4-4-1934

என் அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் சொன்னபடி படித்துவிட்டுத்தான் பிரித்தேன். நடுவில் முகம் கழுவப் போனேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

அம்மா மூக்குக்கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு, "ஒண்டும் தெரியேல்லையே பிள்ளை" என்றா. எனக்குத் தெரிந்தது. ஓடினால் இடத்தோள் முன்னால் வரும், கவுன் ஒரு பக்கம் இறங்கும், தலையைப் பின்னால் எறிவாள். எல்லாம் அப்படியே இருக்கிறது. பார்த்துக்கொண்டே இருந்தேன். கண்ணும் வந்தது, வாயும் கூடவே வந்தது. அவள் கைகட்டி நேரே நிற்கிற படம் ஒன்று இருந்திருந்தால் அதில் யாரோ ஒரு சாதுப் பிள்ளைதான் இருந்திருக்கும். இது என் தவமணி.

இன்னொன்று சொல்ல வேண்டும் அத்தான். அவள் முகத்தைத் தேடித் தேடி, நீங்கள் வேறெதையும் பார்க்கவில்லை போலிருக்கிறது. படத்தில் உங்களைப் பாருங்கள். துரை, தோட்டக் கண்டக்டர், மருந்து கொடுக்கும் டிரெசர் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நீங்கள் மட்டும் சிரிக்கிறீர்கள். பல்லெல்லாம் தெரிய. நாற்காலியில் பாதிதான் இருக்கிறீர்கள், இரண்டு கையும் அவளை வாங்க நீண்டிருக்கின்றன. கலியாணப் பந்தலில்கூட நான் அந்தச் சிரிப்பைக் காணவில்லை.

அடித்தது அதற்குப் பிறகு. அவள் ஓடி வந்தது இந்த முகத்தைப் பார்த்து.

பெட்டிக் காமிராவையே வாங்குங்கள். சின்னவனும் அவளைப்போல்தான் வருவான், இப்போதே மடியில் நிற்பதில்லை. அசைந்தால் அசையட்டும். அவனை ஒருநாளும் அசையாதே என்று சொல்லாதீர்கள்.

ஞாயிறு காலைப் பஸ்ஸில் வருகிறேன். அம்மாவுக்குக் கோபம்தான், ஆனாலும் காலையிலிருந்து எனக்குப் பலகாரம் சுடுகிறா. கொசுவலையில் கிழிசல் இருந்தால் காளியம்மாவிடம் கொடுத்துத் தைத்து வையுங்கள். படத்தை நானே கொண்டுவருகிறேன். வாசலில் ஏறியதும் கண்ணில் படுகிற இடமாய்ப் பார்த்து ஓர் ஆணி அடித்து வையுங்கள்.

உங்கள்
பாக்கியம்