சந்தனத்தின் முறை

பீர்மேடு, ஐந்தாம் லயம்
ஐப்பசி 12, புதன்கிழமை

அன்புள்ள சந்தனத்துக்கு,

உன் பக்கத்து வீட்டுக் கற்பகம் எழுதுவது. இங்கே மழைதான் நல்ல சுகமாக இருக்கிறது. நாங்கள் ஏதோ இருக்கிறோம். இது மூன்றாவது கடிதம். முதல் இரண்டும் கொழிஞ்சாம்பாறைக்கு வந்து சேர்ந்ததா, உன் மகள் யோகப்பிரியா அதை உன்னிடம் கொடுத்தாளா, அடுப்பில் போட்டாளா, ஒன்றும் தெரியவில்லை. உன் போன் அணைந்தே கிடக்கிறது. அவள் போனுக்கு என் நம்பரிலிருந்து கால் போவதில்லை. வருகிற சனிக்கிழமையை விடு, அதற்கு அடுத்த சனிக்குள் நீ உயிரோடு இருக்கிறாயா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். இப்படி ஒரு கேள்வியை யாராவது கடிதத்தில் கேட்பார்களா என்று திட்டுவாய். திட்டு. அதைக் கேட்கத்தான் காத்திருக்கிறேன்.

யோகப்பிரியாவின் கோபத்தில் தப்பில்லை. ஆனி மாதம் அந்த வியாழக்கிழமை, காலையில் வேலைக்கு ஆள் எடுக்கிற மஸ்டரில் கங்காணி பாண்டீஸ்வரன் ஏட்டைப் பார்த்துப் பேர் வாசித்தபோது நீ வந்து நிற்கவில்லை. நமக்கு இது புதிதா? நீ அயர்ந்து தூங்கினால் உனக்கு நான், எனக்கு முடியாவிட்டால் எனக்கு நீ, இருபது வருஷமாக மாற்றி மாற்றிக் குரல் கொடுத்து வந்தவர்கள்தானே. சந்தனம் என்று வாசித்தான். தலையைக் குனிந்துகொண்டு, உன் குரல் மாதிரியே கொஞ்சம் இழுத்து, வந்தாச்சு என்றேன். ஏட்டில் நீ வேலைக்கு வந்தவளாகிவிட்டாய். வேலைக்கு வந்தவளை யார் தேடுவார்கள்? நெஞ்சுவலியோடு நீ தரையில் கிடந்தது சாயங்காலம் வரை ஒருத்தருக்கும் தெரியவில்லை. மறுநாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் உன் மகள் என்னைப் பார்த்து, எங்கம்மாவுக்குப் பதிலா நீங்க பேசிப் பேசியே அவ பேசுனது யாருக்கும் கேக்காமப் போச்சு அத்தை என்றாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. அங்கிருந்தே உன்னைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

இங்கே செய்தி என்னவென்றால், மூடிக் கிடக்கிற தேயிலை பாக்டரியையும் நாம் குடியிருக்கிற ஒழுகுகிற லயங்களையும் என்ன செய்வது என்று தொழிலாளர்களே கூடிப் பேசட்டும் என்று கம்பெனி சொல்லிவிட்டது. கூட்டம் நடத்தித் தர நர்மதா என்று ஒரு பெண்ணை அனுப்பியிருக்கிறார்கள். உன் மகள் ஊர்ப் பக்கம்தான், பாலக்காட்டுச் சித்தூர்க்காரி. மரியாதை என்றால் அப்படி ஒரு மரியாதை, பூனையைக்கூட வாங்க போங்க என்பாள் போலிருக்கிறது. புரட்டாசி கடைசியில் முதல் கூட்டம், பாக்டரி மாடியில், நாம் கொழுந்து உலர்த்துவோமே, அந்த நீள ஹாலில். மேடை கிடையாது, மைக் கிடையாது. நாற்பது நாற்காலியை வட்டமாகப் போட்டு, நடுவில் சார்ட் பேப்பரும் ஸ்கெட்ச் பேனாவும் வைத்திருந்தாள். யாருக்கு எதைப் பற்றிப் பேச வேண்டுமோ அவர்களே அதை எழுதி, நடுவில் நின்று வாசித்து, எங்கே எத்தனை மணிக்கு என்றும் போட்டுச் சுவரில் ஒட்ட வேண்டும். விருப்பம் உள்ளவர்கள் அதன் கீழே பேர் எழுதிவிட்டு அங்கே போய் உட்கார வேண்டும். பிடிக்கவில்லையா, எழுந்து வேறு வட்டத்துக்குப் போகலாம். யாரு வர்றாங்களோ அவங்கதான் வர வேண்டியவங்க என்றாள். அவ்வளவுதான், போய் ஓரமாக உட்கார்ந்துவிட்டாள்.

அரை மணி நேரம் ஒரு தாளையும் யாரும் தொடவில்லை. யூனியன்காரர்கள் மேடையைத் தேடித் தேடிப் பார்த்தார்கள். எனக்குச் சிரிப்பு. பிறகு நம் லயத்துப் பெரியமுத்து எழுந்து கக்கூஸ் கதவைப் பற்றி எழுதினாரே, அதற்குப் பிறகு பார்க்க வேண்டும், தாள் போதவில்லை. இத்தனை வருஷமாகக் கூட்டத்தில் தரையில் உட்கார்ந்து தலையாட்டிய பெண்கள் எழுதி எழுதி ஒட்டினார்கள். நல்ல காரியம்தான். குறை சொல்லமாட்டேன்.

தப்பு செய்தது நான். அந்த முதல் கூட்டத்தில், பேசத் தொடங்குவதற்கு முன்னால் வட்டமாக ஒவ்வொருவரும் பேர் சொல்லி வந்தார்கள். என் இடது பக்க நாற்காலி காலி. அதற்கு அடுத்து கிரெச்சில் பிள்ளை பார்க்கிற மலையாளத்து ஆயா சிஞ்சு. நான் என் பேரைச் சொன்னேன். அடுத்த நாற்காலி சும்மா இருக்கவே, பழக்க தோஷம், என் வாய் தானாகவே சந்தனம் வந்தாச்சு என்றது. நாலு பேர் சிரித்தார்கள். பாண்டீஸ்வரன் சிரிக்கவில்லை. நர்மதாவுக்கு என்ன தெரியும் பாவம், உன் பேரை நோட்டில் எழுதிக்கொண்டாள்.

பத்து நாள் கழித்து இரண்டாவது கூட்டம். உன் நாற்காலி அதே இடத்தில் இருந்தது. நான் என் பேரைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். சிஞ்சு உடனே தன் பேரைச் சொல்லவில்லை. ஒருத்தர் பேசி முடிக்கட்டும் என்பது போலக் கொஞ்சம் பொறுத்துவிட்டுத்தான் சொன்னாள். நர்மதாவும் காலி நாற்காலியைப் பார்த்துத் தலையாட்டி எழுதினாள். கூட்டம் முடிந்ததும் சிஞ்சுவைப் பிடித்து ஏன் நிறுத்தினாய் என்று கேட்டேன். சந்தனச் சேச்சிக்கு நிங்கள்தானே பேர் பறஞ்சது, எப்பவும்போல, என்றாள். நான் சொல்லவில்லை, சந்தனம். மாரியம்மன் சத்தியமாகச் சொல்லவில்லை.

மூன்றாவது கூட்டம் போன சனிக்கிழமை. என்னைப் பார்த்துக்கொண்டே இரு என்று சிஞ்சுவிடம் சொல்லிவிட்டு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். மத்தியானம்தான், ஆனால் ஜன்னல் கண்ணாடி வரைக்கும் மூடுபனி ஏறி நின்றது. உன் முறை வந்தது. எனக்கு மழைச் சத்தம்தான் கேட்டது. மற்ற எல்லோரும் உன் நாற்காலிப் பக்கம் திரும்பி, கேட்டுவிட்டு, மறுபடி நேராக உட்கார்ந்தார்கள். ஆள் இல்லை என்பது அவர்களுக்குத் தோன்றவே இல்லை. சிஞ்சுவின் முகம் வெளுத்துவிட்டது. சேச்சியோட சுண்டு அனங்கியில்ல என்றாள். என் உதடு அசையவில்லையாம். எல்லோருக்கும் கேட்டது, எனக்கு மட்டும் கேட்கவில்லை.

அன்றைக்குச் சுவரில் ஒட்டிய தாள்களில் ஒன்று உன் கையெழுத்து. நீ அழுத்துகிற அழுத்தில் தாளின் பின்பக்கமெல்லாம் புடைத்திருந்தது. ரேஷன் கார்டு மனுவிலிருந்து பள்ளிக்கூட லீவு லெட்டர் வரைக்கும் நீ எழுதிப் பார்த்தவள் நான், எனக்கா தெரியாது. அதில் இருந்தது இதுதான்: அன்றைக்கு மத்தியானம் நான் சுவரைத் தட்டினேன். யாருக்குக் கேட்டது? இடம், ஐந்தாம் லயத்தில் சந்தனத்தின் வீடு. நேரம், ஐப்பசி 22, சனிக்கிழமை மூன்று மணி. கீழே கலந்துகொள்கிறவர் என்று ஒரே ஒரு பேர். கற்பகம். அதுவும் உன் எழுத்துதான். எனக்காக நீ கையெழுத்துப் போட்டது இது முதல் தடவையா?

நான் நர்மதாவிடம் போய், இந்தத் தாளை எடுத்துவிடு தாயி, இது விளையாட்டில்லை என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, நானுங்க ஒட்டல, அதனால நான் எடுக்கவும் முடியாதுங்க, எழுதுனவங்கதான் எடுக்கோணும் என்றாள். எழுதியவள் எங்கே என்றேன். வாசிச்சாங்களே, நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க என்றாள். போகப் பிடிக்கவில்லை என்றால் நான் போகாமல் இருக்கலாமா என்றும் கேட்டேன். அது உங்க காலுங்க, நான் யாருங்க சொல்ல என்றாள். கோபம் வந்தது எனக்கு. ஒரு கூட்டத்தை நடத்துகிறவள் ஒன்றையாவது சரி, தப்பு என்று சொல்ல வேண்டாமா? அவள் இடத்தைத் திறந்து வைப்பாளாம், நேரத்தைப் பார்ப்பாளாம், மற்றதெல்லாம் வந்தவர்கள் பாடாம்.

ஒவ்வொரு பேச்சுக்கும் எழுதிய இடத்தில் நாற்காலி கொண்டு போடுவது பாண்டீஸ்வரன் வேலை. நேற்று ஆபீஸிலிருந்து சாவி வாங்கி உன் வீட்டைத் திறந்து பெருக்கினான். இரண்டு நாற்காலியை எதிரெதிராகப் போட்டான். ஒன்று என் வீட்டுச் சுவரை ஒட்டி. எதற்கடா இதெல்லாம் என்றேன். தாள்ல ரெண்டு பேரு இருக்குல்லக்கா என்றான். என் முகத்தைப் பார்க்காமலேதான் சொன்னான்.

உன் கோழிகளை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். இரண்டைக் கீரி கொண்டுபோய்விட்டது. மற்றவை உன் வாசலில் போய் மேய்ந்துகொண்டிருந்தன, நேற்றிலிருந்து அந்தப் பக்கம் போவதில்லை. என் வீட்டுக்காரருக்கு இடுப்பு வலி அப்படியேதான். நேரில் கிளம்பி வரலாமே என்று நீ கேட்பாய். குமுளி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டு இரண்டு தடவை இறங்கி வந்துவிட்டேன். உன் மகள் வீட்டு வாசலில் உன் படத்துக்கு மாலை போட்டிருந்தால் என்ன செய்வேன் என்று பயம். அதுதான் உண்மை.

அந்தச் சனிக்கிழமை நான் போவேன், சந்தனம். என்னை யாரும் இழுத்துப் போகவில்லை, நானே போகிறேன். அதற்கு முன்னால் உன்னிடம் சொல்லிவிட வேண்டும். யோகப்பிரியாவிடமும் டாக்டரிடமும் சொல்லாததை, என் வீட்டுக்காரரிடமே சொல்லாததை.

எனக்குக் கேட்டது. அந்த வியாழக்கிழமை மத்தியானம் சோற்றுக்கு இறங்கி வந்தேன். நீ மூன்று தடவை தட்டினாய், ஒரு தடவை கற்பகம் என்று கூப்பிட்டாய். வெளியே பாண்டீஸ்வரன் லயத்து முற்றத்தில் நின்று, யார் வேலைக்கு வராமல் வீட்டில் இருக்கிறார்கள் என்று நோட்டம் பார்த்துக்கொண்டிருந்தான். முந்தின வாரம்தான் ஆள் மாறிக் குரல் கொடுத்தால் பேரை வெட்டிவிடுவேன் என்று என்னை எச்சரித்திருந்தான். உன் கதவைத் திறந்தால் நீ வீட்டில் இருப்பது தெரிந்துவிடும், என் பொய்யும் தெரிந்துவிடும். தலைவலியாக இருக்கும், சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நீ மறுபடி தட்டினாய். நான் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டுச் சோறு சாப்பிட்டேன். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு மலை ஏறிப் போய்விட்டேன்.

நீ இருந்தால், இதைப் படித்தால், ஒரு மிஸ்டு கால் கொடு, போதும். பேச வேண்டாம், மன்னிக்கவும் வேண்டாம். கால் வராவிட்டால் மூன்று மணிக்கு அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்து இதையே உன்னிடம் சொல்கிறேன். அப்போதாவது உன் குரல் எனக்குக் கேட்க வேண்டும்.

நீ எங்கே இருந்தாலும் வலி இல்லாமல் இரு. மாரியம்மன் துணை.

இப்படிக்கு,
உன் கற்பகம்