சீட்டாட்டத்துக்காகத் தள்ளிய தேதி

புதன் இரவு, ஓணத்துக்கு முந்தின வாரம்

இந்த வயதில் எனக்குக் கம்ப்யூட்டரில் சீட்டாடும் பழக்கம். விளையாட்டின் இலவச நாள் முடிந்துவிடக் கூடாதென்று செக்குக்கடை கம்ப்யூட்டரில் தேதியை இரண்டு மாதம் பின்னோக்கித் தள்ளி வைத்திருந்தேன். எண்ணெய் விற்கும் வெப்சைட்டும் அதிலேதான் ஓடுகிறது.

காலையில், எல்லைக்கு அந்தப் பக்கம் சித்தூரில் சிப்ஸ் கடை வைத்திருக்கும் சேச்சி போன் செய்தார். "அண்ணா, உங்க சைட்டைத் திறந்தா பாதுகாப்பில்லைன்னு வருது. பணம் அடைக்கப் பயமா இருக்கு. சாயங்காலத்துக்குள்ள சரியாகலைன்னா ஓணத்துக்கு வேற எடத்துல எண்ணெ எடுத்துக்கறேன்."

கோயமுத்தூரிலிருந்து மனைவியின் தம்பியை வரவழைத்தேன். சைட் பாதுகாப்பானது என்று காட்டும் சான்றிதழ் காலாவதியாம். தன் லேப்டாப்பிலிருந்தே கடை கம்ப்யூட்டருக்குள் நுழைந்து, அதன் வழியாகப் புதுசு கேட்டுக் கேட்டுப் பார்த்தான். ஒவ்வொரு தடவையும் மறுப்பு. எனக்கு எரிச்சல் தாங்கவில்லை.

"ஏன் மாப்ளே, இதுக்கா அத்தன வருசம் படிச்சே?"

"சும்மா இருங்க மாமா. கடை கம்ப்யூட்டர்ல தேதி தப்பா இருந்தாலும் இப்படித்தான் வரும். ஏதாச்சும் மாத்துனீங்களா?"

"எனக்கு அதெல்லாம் எங்கடா தெரியும்?"

அவன் சாப்பிடப் போனதும் தேதியைச் சரிசெய்தேன். வந்து ஒரு தட்டுத் தட்டினான். சான்றிதழ் வந்தது. பின்னாலேயே சேச்சியின் ஆர்டரும் வந்தது.

"அக்கா, இங்க வந்து பாரு!" என்று பெருமையாக என் மனைவியைக் கடை கம்ப்யூட்டர் முன்னால் நிறுத்தினான். சீட்டாட்டம் தானாகத் திறந்து, இலவச நாள் முடிந்துவிட்டது என்று திரை முழுக்கக் காட்டிக்கொண்டிருந்தது.

"ஏனுங்க, இதென்னங்க?"

இன்றைக்குப் பார்த்துக் கரண்டும் போகவில்லை.