கலம் கவிழ்த்த இளவரசரின் மூச்சைக் குறித்து

ஆட்சியாண்டு பதினேழு, மார்கழித் திங்கள், தேய்பிறை எட்டாம் நாள். விடியல் முதல் தூறல். ஆற்றின்மேல் மூடுபனி, அக்கரை தெரியவில்லை.

மழை வேளை தவறாது பொழிக. செங்கானல் நாடு செழிக்க. மாமுற்றத்து அரியணையில் வீற்றிருந்தருளும் பெருமானடிகளின் வலக்கையாய் விளங்கும் பேரமைச்சர் நெடுவாயில் வாணராயர் திருமுன்பு, நாவல்துறைக் கோட்டைத் தலைவன் படைமுதலி ஏறனரையன் தலைதாழ்த்தி விடுக்கும் ஓலை. தங்கள் இல்லத்தார் யாவரும் நலமுற்றிருக்க வேண்டுகிறேன். எழுத்தர்மேல் பழி சாராதிருக்கும் பொருட்டு, நாற்பது அகவைக்குப் பின் முயன்று கற்ற எழுத்தால் யானே இதனை வரைகிறேன். சொல்லில் குற்றம் காணின் என்னை மட்டும் கடிந்தருள்க.

நம் காவலில் பிணையாக இருக்கும் ஈங்கைமலை இளவரசர் குமிழனார் குறித்துத் தாங்கள் விடுத்த ஆணை முன்னரே கிடைத்தது. அவர் இக்கோட்டையில் உயிரோடு இருக்கும்வரை ஈங்கைமலையார் ஆற்றைக் கடவார் என்பது முப்பதாண்டுக்கு முன் செய்த உடன்படிக்கை ஆதலின், தை அறுவடை முடிந்து நெல் களஞ்சியம் சேரும்வரை அவர்தம் மூச்சு நிற்கலாகாது எனவும், அதற்கு வேண்டிய மருந்தோடு அரண்மனை மருத்துவர் சாத்தங்கண்ணனார் வருவார் எனவும் அவ்வாணை கூறிற்று. அதனை நேற்றுவரை நிறைவேற்றினேன். இன்று நிறுத்தினேன். காரணத்தை முறைப்படி எழுதுவது என் கடமை. பல இரவு உறங்காதவன் ஆதலின் எங்கேனும் முறை பிறழலாம்.

இளவரசர் எழுபதை நெருங்கியவர். நம் ஏடுகளில் மட்டுமே இன்னும் இளவரசர். வயிற்றில் கட்டி முற்றி நெடுநாள் வருந்தினார். கார்த்திகையில் ஒரு நாள், கஞ்சி குடித்த கலத்தைத் தாமே கழுவிக் கவிழ்த்துத் தலைமாட்டில் வைத்தார். யாங்கள் அதனை உணவின்மேல் கொண்ட வெறுப்பு எனக் கருதினோம். மடைப்பள்ளியைப் பார்க்கும் அரியாள் என்பவள் அரிசியை மாற்றிச் சமைத்து, கலத்தை நிமிர்த்தி நிரப்பினாள். அவர் மீண்டும் கவிழ்த்தார். அவள் மீண்டும் நிமிர்த்தினாள். அவள் வாய்மொழியை அவ்வாறே தருகிறேன்: “உப்பு கூடிருச்சுன்னா வாயத் தொறந்து சொல்லுங்க சாமி. ஏனத்தக் கவுத்து வச்சு ஊரு முன்னால என் மானத்த வாங்காதீங்க.” அதற்கு அவர், “கஞ்சி நல்லாத்தான் இருந்துச்சு தாயி. குடிச்சவன்தான் செத்துப் போனான்” என்றார். நோயாளி வேடிக்கை பேசுகிறார், இனித் தேறிவிடுவார் என யாங்கள் மகிழ்ந்தோம்.

அது வேடிக்கை அன்று எனப் பின்னரே அறிந்தோம். ஈங்கைமலையில், நோய் இனித் தீராது என உணர்ந்தவர் தம் உண்கலத்தைத் தாமே கவிழ்ப்பர். அந்நொடி முதல் அவர் இறந்தவர். மூச்சு ஓடலாம், கண் பார்க்கலாம். ஆயினும் சுற்றத்தார் சூழ அமர்ந்து, இப்படி வாழ்ந்தார், இப்படிச் சினந்தார் என முடிந்த வாழ்வாகவே அவரைப் பேசுவர். படுத்திருப்பவர் கேட்டுப் பிழை திருத்துவார். அவர்க்கு மேலும் உணவு புகட்டுதல் பிணத்தை அவமதித்தலுக்கு நிகர். நம் நாட்டிலோ சாவு என்னும் சொல் நோயாளியின் செவியில் விழலாகாது. உடல் குளிரும்வரை, நாளை எழுந்துவிடுவீர் என்றே கூறுவோம். இவ்விரண்டில் எது நேரிது என்பதைத் தீர்க்கும் கல்வி எனக்கு இல்லை.

மருத்துவர் வந்தார். கஸ்தூரி மாத்திரையைத் தேனில் குழைத்து நாவில் தடவினார். அடங்கிய நாடி எழுந்தது, அதனோடு வலியும் எழுந்தது. இருவர் தோளைப் பிடிக்க, ஒருவர் நாணற்குழாய் வழியே பால் புகட்டினார். பிடித்தவருள் யானும் ஒருவன். உயிர் பிரியும்போது வாயில் பால் வார்ப்பது நம் வழக்கம். இங்கோ பிரியாதிருக்க வார்த்தோம். தினந்தோறும் கடைசிப் பால் ஊற்றும் கோட்டை உலகில் இது ஒன்றே எனக் காவலர் நகைத்தனர். சில நாளில் நகைப்பதையும் விட்டனர். இளவரசர் என்னை நோக்கி, “யோவ் அரையரே, பொணத்துக்குக் காவல் இருக்குற படைத்தலைவன் நீரு ஒருத்தருதான்யா. சம்பளம் ஒழுங்கா வருதா?” என்றார். அதன்பின் வலி மிகுந்தமையால் அவர் பேசவில்லை.

இது மருத்துவமா என மருத்துவரை வினவினேன். நோயை நீக்கும் மருந்தும் நோவைத் தணிக்கும் மருந்தும் தாம் கற்ற நூல்களில் உண்டு எனவும், அறுவடைவரை ஒருவரைத் தடுத்து வைக்கும் மருந்து எந்த நூலிலும் இல்லை எனவும், தாம் செய்வது மருத்துவம் அன்று, அரசாணையே எனவும், என் முகத்தைப் பாராமல் அவர் கூறினார். அவரைக் குறை கூறேன். யானும் அவ்வாறே கூறிக்கொண்டிருந்தேன்.

நேற்று நண்பகல் ஈங்கைமலை அரசி தளவி நாச்சியாரின் தூதுவர் படைக்கலம் இன்றிப் படகில் வந்தார். துக்க ஆடை உடுத்த இரு பெண்டிர் உடன் வந்தனர். இளவரசர் அவ்வரசிக்குச் சிற்றப்பன். தூதுவர் உரைத்ததாவது: எம் சிற்றப்பனார் கார்த்திகையில் இறந்தமையை ஓடக்காரர் வாயிலாக அறிந்தோம், முறைப்படி துக்கம் காத்தோம். உடன்படிக்கை அன்றே முடிந்தது. முடிந்த பின்னும் எம் வீரன் ஒருவனும் ஆற்றில் கால் நனைத்திலன்; எமக்கும் வயலில் நெல் நிற்கிறது. தை கழிந்தபின் புதிய உடன்படிக்கை பேசுவோம். அவர் கவிழ்த்த கலத்தை மட்டும் தந்தருள்க.

கலத்தை எடுக்கச் சென்றேன். அது நிமிர்ந்திருந்தது, அதில் மாலைக்கு வேண்டிய பால் இருந்தது. பின்வந்த பெண்டிர் அதனைக் கண்டனர். அவர்கள் அழவில்லை. போரில் பலர் முகத்தைக் கண்டவன் யான்; அம்முகங்களை ஏறிட்டுப் பார்க்க இயலவில்லை.

இது சூழ்ச்சியோ என ஐயுற்று, அக்கரைக்கு ஆள் விடுத்தேன். அங்கே ஆடவர் அரிவாளோடு வயலில் நிற்கின்றனர், வாளோடு அன்று எனச் செய்தி வந்தது. எந்த அமைதிக்காக அம்முதியவரின் தோளை அழுத்திப் பிடித்தோமோ, அவ்வமைதி ஒரு திங்களாக அவர் மூச்சைச் சாராமலே நின்றிருக்கிறது.

ஆதலின் இன்று விடியலில், நோவு தணிக்கும் மருந்து அன்றி வேறெதுவும் அவர்க்குத் தரலாகாது என மருத்துவர்க்கு ஆணையிட்டேன். அவர் நாணற்குழாயை முறித்து அடுப்பிலிட்டார். கலம் கழுவித் தூதுவரிடம் அளிக்கப்பட்டது. இளவரசரைத் துறை மண்டபத்தில் கிடத்தி, ஈங்கைமலைப் பெண்டிரும் அரியாளும் காவலரும் யானும் சூழ அமர்ந்தோம். யான் முதலில் தொடங்கி, குமிழனார் சொக்கட்டான் ஆட்டத்தில் ஒருபோதும் பொய்க்காய் நகர்த்தாதவராக இருந்தார் என்றேன். கண் திறவாமலே, “நகத்தினேன். உமக்குத் தெரியல” என்று திருத்தினார்.

நாவல்துறை எல்லைக்குள் இனி இதுவே ஆணை: எந்நாட்டவர் ஆயினும், தம் கலத்தைக் கவிழ்த்தவரின் கலத்தை எவரும் நிமிர்த்தலாகாது. மீறுவோர் காவற்பணி இழப்பர். அரசாணையை மீறியதற்கு யான் ஒருவனே பொறுப்பு. மருத்துவரும் காவலரும் என் சொல்லுக்குக் கீழ்ப்படிந்தோர். என் வாளையும் கோட்டைத் திறவுகோலையும் இவ்வோலையோடு அனுப்புகிறேன். எவரிடம் ஒப்புவிக்க வேண்டுமோ அவரிடம் ஒப்புவித்தருள்க. விரைவில் வேறொருவரை அனுப்பினால் நன்று. யான் மிகவும் களைத்திருக்கிறேன்.

நாவல்துறைக் கோட்டை முத்திரை இட்டு, என் கையெழுத்தால் முடித்தேன். ஆள்வோரும் ஆளப்படுவோரும் அமைதி பெறுக.

ஓலையைக் கட்டுமுன் சேர்த்தது: நம் நாட்டுக் கணக்கின்படி இளவரசர் குமிழனார் இறந்த நேரம், இன்று உச்சிக்குப் பின் ஒன்பதாம் நாழிகை.