மண்ணுக்குள் பாடிய பாட்டு

ஐப்பசி, ஞாயிறு இரவு.

எனக்கு எழுதத் தெரியாது. பேத்தியின் போனில் பேசுகிறேன், அது எழுதிக்கொள்ளட்டும்.

போன வருடம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் படம் எடுக்க வந்த கொழும்புக்காரனுக்கு, ரொட்டியும் தேத்தண்ணியும் கொடுத்து, என் வாயால்தான் அதைச் சொன்னேன். பல வருடத்துக்கு முன் மண் சரிந்து எங்கள் பழைய லயத்து வீடுகள் புதைந்த அன்று எல்லாரும் கோயில் பக்கமாகத் தோண்டினார்கள். எனக்கு மட்டும் காலடியில் ரேடியோ பாடுவது கேட்டது. பழைய சினிமாக் காதல் பாட்டு. அந்த இடத்தில் தோண்டித்தான் என் பெண்சாதி ராக்கம்மாவை எடுத்தோம். உயிர் இல்லை. தலைமாட்டில் ரேடியோ பாடிக்கொண்டே இருந்தது.

கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்தான், படுபாவி.

இன்று சாயந்தரம் அந்தப் படத்தை டிவியில் போட்டார்கள். அதே பாட்டு வந்தது. ஒரு கிழவன் கசிப்புச் சாராயம் குடித்து, வேட்டி அவிழ்ந்து, சாக்கடைக் கானுக்குள் விழுகிறான். அதற்குத்தான் அந்தப் பாட்டு. லயமே சிரித்தது. என் மகனும் சிரித்தான்.

"உங்கம்மாவைத் தோண்டியெடுத்த பாட்டுடா அது."

"படந்தானேப்பா, விடுங்க. நம்ம தோட்டம் டிவில வந்திருக்கு, அதைப் பாருங்க."

படக்காரனுக்குப் போன் போட்டேன்.

"சனங்க சிரிச்சாங்களா தாத்தா?" என்று கேட்டான்.

"நீ வெளங்கவே மாட்டே" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

படுத்த பிறகு அந்தப் பாட்டை மனதுக்குள் பாடிப் பார்த்தேன். இத்தனை வருடமும் முதல் வரியிலேயே ராக்கம்மா வந்துவிடுவாள். இன்று வேட்டி அவிழ்ந்த அந்தக் கிழவன்தான் வந்தான்.