சம்மதம் என்று குறிக்கப்பட்டது

டிரோல்,
திங்கட்கிழமை மாலை.

அன்புள்ள வீப்கெ,

நலம். நீயும் நல்லபடியாக நார்வே போய்ச் சேர்ந்திருப்பாய். அங்கே மழை விடவில்லையாம். இங்கே மலையிலிருந்து வெப்பக்காற்று இறங்கி, உளவியல் துறையில் பாதிப் பேர் தலைவலியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். உன் பூனை என் சோபாவைக் கிழித்துவிட்டது. அதற்கு உன்னைப் பிறகு திட்டிக்கொள்கிறேன்.

எத்தனை முறை கூப்பிட்டாலும் நீ போனை எடுக்கவில்லை. வியாழக்கிழமை நேர்முகத் தேர்வில் நம் ஆய்வைப் பற்றிப் பேசப் போகிறாய், அந்த மும்முரம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த உரையைப் பற்றித்தான் இந்த மின்னஞ்சல், தள்ளி வைக்காமல் படி.

திரையில் காட்ட மாணவர்களின் உரையாடல் ஒன்றைச் சுத்தமாக எடுத்து அனுப்பச் சொன்னாய் அல்லவா? கூட்டாகக் கற்பதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு என்று நீ குறித்து வைத்திருந்த குழு. நான் ஆய்வில் சேருமுன்பே நீயும் உன்னோடு இதைத் தொடங்கிய ஹாவ்கெயும் எல்லா உரையாடல்களையும் வரிவரியாகப் பிரித்து, இது சம்மதம், இது மறுப்பு என்று குறித்து முடித்துவிட்டீர்கள். மாணவர்கள் எழுதியதை நான் நேரடியாகப் படித்தது இன்றுதான்.

நீங்கள் கொடுத்த பயிற்சிக் கதையில், வகுப்பில் கவனிக்காத ஒரு சிறுமிக்கு என்ன பிரச்சினை என்று அவர்கள் கணினி வழியாகப் பேசி ஒரு முடிவுக்கு வர வேண்டும். ரெகினா என்ற பெண், "அவளுக்குக் காது சரியா கேக்கலையோ என்னவோ, அதை முதல்ல பாப்போமே" என்று எழுதுகிறாள். மற்றவர்கள், "ஐயோ, மறுபடியும் ஆரம்பிச்சுட்டா! பட்டை ஏறவே இல்ல பாரு, சரின்னு போட்டுத் தொலை" என்கிறார்கள். பாதிக் குழுக்களுக்கு மட்டும் திரையின் ஓரத்தில் நீங்கள் வைத்த பச்சைப் பட்டையைச் சொல்கிறார்கள். குழு ஒத்துப்போக ஒத்துப்போக ஏறுமே, அதுதான். கடைசியில் ரெகினா 'பாஸ்ட் ஷோன்' என்று எழுதுகிறாள். பட்டை முழுக்கப் பச்சை. நீங்கள் இருவரும் அதைச் சம்மதம் என்று குறித்திருக்கிறீர்கள்.

அது சம்மதம் இல்லை, வீப்கெ. ஹோட்டலில் மீதிச் சில்லறையை வைத்துக்கொள்ளச் சொல்லி நீ பெருமையாகச் சொல்வாயே, அந்த இடத்தில் 'பாஸ்ட் ஷோன்' என்றால் 'பரவாயில்லை' தான். ஆனால் சண்டைக்கு நடுவில் எங்கள் ஊர்ப் பெண் அதைச் சொன்னால் 'போதும், ஆளை விடு' என்று பொருள். மூவரும் பேசுவது ஜெர்மன்தான், ஆனால் நீயும் ஹாவ்கெயும் வடகடல் ஓரத்துக்காரர்கள். இருவருக்கும் ஒரே காது. உங்கள் குறிகள் அவ்வளவு அழகாக ஒத்துப்போனதில் வியப்பே இல்லை. அந்தச் சிறுமிக்குக் காதுதான் கேட்கவில்லை, அதுதான் சரியான விடை என்பதும் உனக்குத் தெரியும். சரியாகச் சொன்னவளின் வாயை அடைத்த குழுவைத்தான் நீ மேடையில் காட்டப் போகிறாய்.

ஒரே குழுவாக இருந்தால் நான் இவ்வளவு பதற மாட்டேன். பட்டை வைத்த குழுக்களில் எங்கே திறந்தாலும் அதே சொல் கிடக்கிறது. உடனே கூப்பிடு.

அன்புடன்,
வால்புர்கா

டிரோல்,
புதன்கிழமை.

அன்புள்ள வீப்கெ,

நேற்று நீ போனில் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. "இத்தனை வருஷமா ஒப்பந்தம் ஒப்பந்தமா ஓடிட்டு இருக்கேன். நிரந்தர வேலை ஒண்ணு கைக்கு எட்டுற நேரத்துல ஒரு சொல்லைத் தூக்கிட்டு வர்றியேடி! உனக்கென்ன, உன் வேலை பத்திரமா இருக்கு" என்றாய். அது உண்மைதான். போனை வைத்த பிறகு ஒரே ஒரு செய்தி அனுப்பினாய்: பாஸ்ட் ஷோன். இத்தனை காலத்தில் முதல் முறையாக அதை எங்கள் ஊர்க்காரியாகவே சொல்லியிருக்கிறாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் கற்பனை செய்கிறேன் என்றாய் அல்லவா? இன்று ரெகினாவையே வரச் சொன்னேன். தான் எழுதியதைப் படித்ததும் அவள் முகம் சிவந்துவிட்டது. "அன்னிக்கு வந்த கோவத்துக்கு லேப்டாப்பை மூடிட்டுப் போயிருப்பேன், மேடம். குழுவுக்கே சேர்த்துத்தான் மார்க்குன்னு சொல்லிட்டீங்க. என்னால மத்தவங்க மார்க்கு ஏன் போகணும்?" என்றாள். அப்படியானால் அது சம்மதம் இல்லையா என்று முறைப்படி கேட்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்து, "நீங்க இந்த ஊர்தானே?" என்றாள். எனக்கு வெட்கமாகிவிட்டது.

பிறகு இந்த ஊர்க்காரர்கள் இரண்டு பேரை உட்கார வைத்து, எந்தக் குழுவில் பட்டை இருந்தது என்று சொல்லாமல் அந்தச் சொல் வந்த இடங்களையெல்லாம் மறுபடி குறிக்கச் சொன்னேன். பட்டை இருந்தால் மாணவர்கள் அதிகம் ஒத்துப்போகிறார்கள் என்ற உங்கள் முடிவு தலைகீழாகிவிட்டது. பட்டை இருந்த குழுக்களில் யாரும் ஒத்துப்போகவில்லை, சீக்கிரம் வாயை மூடிக்கொண்டார்கள். ஹாவ்கெயிடம் காட்டினேன். புதிய குறிகளைக் கடைசிவரை பார்த்துவிட்டு, "வீப்கெகிட்ட சொல்லிட்டியா?" என்று மட்டும் கேட்டான்.

வெள்ளிக்கிழமை பாடத்திட்டக் குழு கூடுகிறது. குளிர்காலப் பருவத்திலிருந்து முதலாண்டு மாணவர்கள் அத்தனை பேருக்கும் அந்தப் பட்டையைக் கட்டாயமாக்கப் போகிறார்கள், உன் முடிவை நம்பித்தான். என்னைக் கேட்டால் நான் மறைக்க மாட்டேன். கேட்காவிட்டாலும் சொல்லத்தான் போகிறேன். இதை உனக்குத் தெரியாமல் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

நாளை அந்த உரையாடலைத் தாராளமாகக் காட்டு. காட்டிவிட்டு, 'நாங்கள் இதைத் தவறாகப் படித்தோம், எப்படித் தெரியுமா?' என்று நீயே சொல். வேலை தருவார்களா என்று எனக்குத் தெரியாது. தருவார்கள் என்று பொய்யாகத் தைரியம் சொல்ல மாட்டேன். நீ சொன்னால் அது திருத்தம். நான் சொன்னால் அது காட்டிக்கொடுப்பது. அந்த வேலையை என் தலையில் கட்டாதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

நாளை மேடையில் உன் குரல் நடுங்காமல் இருக்கட்டும். வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் நீ வரும் ரயிலுக்கு நான் நிலையத்தில் நிற்பேன். என்ன திட்ட வேண்டுமோ அங்கேயே வைத்துத் திட்டு, எல்லோரும் பார்க்கட்டும்.

இன்னும் உன் தோழியாக இருக்க விரும்பும்,
வால்புர்கா